அக்கா தங்கையை விட்டுவிட்டீர்களே
தமிழ் எழுத்தில் கஷ்டத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று பேசும் உங்கள் கட்டுரை அம்மாக்களை மட்டுமே சொல்கிறது. கூடப் பிறந்தவர்கள் எங்கே போனார்கள்? அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் அக்கா ஜமுனாவும் தங்கை சாயாவும் தண்ணீருக்காகப் படும் பாடு சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள், பிரிகிறார்கள், ஆனாலும் ஒருவருக்கு மற்றவரை விட்டால் ஆள் இல்லை.

2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயம் எங்கள் தெருவுக்கு லாரி நடுராத்திரிதான் வரும். என் அக்காவும் அண்ணியும் அப்போது பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள் (சொத்துத் தகராறு, வேறென்ன). ஆனால் ஒருத்தி குழாயைப் பிடிக்க, மற்றவள் பிளாஸ்டிக் குடத்தை நகர்த்துவாள். “குடம் நிறைஞ்சிடுச்சு” என்பதைக்கூட பக்கத்து வீட்டு மாமியிடம்தான் சொல்வார்கள்! இந்த மாதிரி உறவை உருகி உருகி எழுதினால் பொய்யாகிவிடும். அசோகமித்திரன் அழாமல் எழுதினார், அதனால்தான் நம்ப முடிகிறது.

அப்புறம், தன்வரலாறு என்றால் 1992இல் வந்த, தலித் எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’ இல்லாமல் எப்படி? அதில் படிப்புதான் மரியாதை தேடித் தரும் என்று தங்கை பாமாவுக்கு எடுத்துச் சொல்வது அண்ணன். அடுத்த பகுதியிலாவது சேருங்கள்.