பாய் பிழைத்தது, அலமாரி போனது

2023 டிசம்பர் 17, 18. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தத் தேதிகளைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழை வெள்ளத்தில், சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து ஒரு நாள் முழுக்க நின்றது. வடிந்த பிறகு சகதியை வழித்து வெளியே தள்ளிவிட்டு, எது மிஞ்சியது, எது போனது என்று பார்த்தோம். வீட்டை அழகாக வைத்துக்கொள்வது பற்றி அதுவரை நான் நினைத்திருந்தது அன்றைக்கு மாறிவிட்டது. ரொம்ப நாளாக எழுத நினைத்ததை இன்று எழுதுகிறேன்.

போனது, மாதத் தவணையில் வாங்கிய டிவி அலமாரி. பார்ப்பதற்குத் தேக்கு மாதிரியே இருக்கும். உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. ஓரத்தில் ஒரு இடுக்கு கிடைத்தால் போதும், தண்ணீர் ஏறிப் பலகை பொதுமிவிடும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. சுவரில் செங்கல் மாதிரி ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்து, உரித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது.

மிஞ்சியது, ஆச்சி காலத்து மர முக்காலி, மண்பானைகள், அத்தையின் பத்தமடைப் பாய். பாயை அத்தை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் போடாமல் தார்சாவில் (முன்கூடத்தில்) காற்றாட விரித்துப் போட்டார்கள். சிவப்புக் கரை கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்து ராத்திரி சாப்பிடுகிறோம். அலமாரிக்குக் கடைசித் தவணை கட்டியது, அதைக் குப்பை வண்டியில் ஏற்றி மூன்று மாதம் கழித்து.

அந்தக் கோபத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் பேருந்தில் ஏறிப் பத்தமடையில் இறங்கினேன். இத்தனை வருஷம் அந்த ஊரைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இறங்கியதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டித் தரையோடு தரையாகத் தறி. ஒரு அக்கா ஒவ்வொரு கோரையாக நூலுக்குள் செலுத்தி அச்சால் அடித்துக்கொண்டிருந்தார். நீர்க்கரையில் வளர்கிற கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காய வைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்குக் கொண்டுவருகிறார்கள். மெல்லிய பாய் என்றால் கோரையைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, இன்னும் சன்னமாகக் கீற வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பொண்ணு பேர் போட்டு நெய்வது அந்த வகை. கையில் வாங்கிப் பார்த்தால் துணி மாதிரி மடங்குகிறது. புவிசார் குறியீடு வாங்கிய பொருள் இது, நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய் வாங்கலாம்.

நான் வாங்கியது சாதாப் பாய். விலை சொன்னதும் பழக்க தோஷத்தில் "கொஞ்சம் குறைச்சுக்கோங்க அக்கா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சாயத்தைக் குறைக்கவா, கோரையைக் குறைக்கவா, என் கூலியைக் குறைக்கவா? நீயே சொல்லும்மா" என்று கேட்டார். பக்கத்தில் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்ன விலையைக் கொடுத்தேன்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். 'குறைந்த செலவில் வீட்டு அலங்காரம்' என்று ஆயிரம் வீடியோ வருகிறது. எல்லாவற்றிலும் யாரோ செய்கிற பொருளை எப்படி இன்னும் மலிவாக வாங்குவது என்ற பேச்சுதான். கடையில் விலை அட்டை ஒட்டியிருந்தால் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். அலமாரி வாங்கியபோது நான் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை, வட்டியும் சேர்த்துக் கட்டினேன். நெய்கிறவரிடமும் சட்டி வனைகிறவரிடமும் மட்டும் பத்து ரூபாய்க்கு நின்று பேசுகிறோம். செலவை அங்கே குறைப்பது தப்பு. நம் கையால் செய்யக்கூடியதை நாமே செய்து அதில் மிச்சம் பிடிக்கலாம். பழகிய கை மட்டுமே செய்யக்கூடியதற்குக் கேட்ட காசைக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது, செலவு முன்னைவிடக் குறைவு.

உதாரணத்துக்கு வாசல் திரை. கடையில் ஜோடி விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து பீரோவைத் திறந்தேன். அம்மா கொடுத்த நூல் சேலை ஒன்று, உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகியிருந்தது. வீரவநல்லூர்ச் சேலை. நீளம் 18 அடி. வாசல் 7 அடி. மேலே கம்பி நுழைய, கீழே மடிக்க என்று சேர்த்து ஏழரை அடி வீதம் இரண்டு திரை. மிச்சம் 3 அடி, அது முந்தானை. அதில் சோபாவில் போடுகிற 16 அங்குலத் தலையணைக்கு இரண்டு உறை வந்தது. தெருமுனை டெய்லர் ஓரம் அடிக்க 150 ரூபாய் வாங்கினார், அவரிடமும் குறைக்கச் சொல்லவில்லை. வெட்டுவதற்கு முன்னால் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடியில் விழுகிற இடம் நைந்து போயிருக்கும். அந்த இடம் திரையின் நடுவில் வராமல் ஓரத்து மடிப்புக்குள் போகிற மாதிரி கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும். காலையில் கிழக்கு வெயில் அந்தச் சேலை வழியாக வரும்போது பட்டாசல் (கூடம்) முழுக்க மாம்பழ நிறமாக இருக்கிறது. அம்மா வந்தபோது வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கும் வண்ணார்பேட்டையில் ஒன்பதரை மணிக்கு வேலை. இரண்டு பிள்ளைகள், ஒருத்திக்கு ஐந்தாம் வகுப்பு, சின்னவனுக்கு யூ.கே.ஜி. வீட்டுக்காரருக்கு ஷிப்ட். அதனால் ஒரு கைவேலையைத் தொடங்கும் முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பாதியில் போட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? சேலை ஓரம் மடித்துத் தைப்பது முடியும். குக்கர் விசில் வந்தால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போகலாம். கோலம் முடியும். பாட்டிலில் பசை தடவி, மினுக்குத் தூள் தூவி, காய்வதற்குள் அடுத்தது ஒட்ட வேண்டும் என்கிற வேலை முடியாது. பசையும் பெயிண்டும் பாட்டிலைவிட விலை அதிகம். ஒரு மாதத்தில் தூசி ஏறிவிடும், துடைத்தால் மினுக்கு உதிரும். அதை நான் இனிச் செய்வதில்லை.

பள்ளிக்கூட புராஜெக்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும், மனதில் இருப்பதால் சொல்கிறேன். மகளின் பள்ளியில் தெர்மாகோலில் வீடு செய்துவரச் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அதை வெட்டிக்கொண்டிருந்தது நானும் வீட்டுக்காரரும். பிள்ளை தூங்கிவிட்டாள். மறுநாள் மதிப்பெண் போட்டுத் திருப்பித் தந்தார்கள், இரண்டு நாளில் நொறுங்கிக் குப்பைக்குப் போனது. பிள்ளையின் கைக்குப் பழகத்தான் அந்த வேலை என்றால் பிள்ளையின் கை எங்கே இருந்தது? பனைக்குருத்தில் ஒரு கிலுகிலுப்பை பின்னக் கற்றுக்கொடுத்தாலும் அவள் கையால் முடிப்பாள். ஆசிரியர்கள் யாராவது படித்தால் தயவு செய்து இதை யோசியுங்கள்.

அவள் தானாகச் செய்தது மண்தொட்டி வேலைதான். பத்தமடையைத் தாண்டி அதே பேருந்துத் தடத்தில் சேரன்மகாதேவி, அடுத்து காருகுறிச்சி. சட்டி, பானை, தொட்டி என்று மண்ணில் எல்லாம் கிடைக்கும். செடித் தொட்டி ஐந்து வாங்கிவந்தோம். புதுத் தொட்டியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். முதல் தடவை தெரியாமல் இரண்டு செடியை வாட விட்டோம். வெளிப்பக்கம் முழுக்கப் பெயிண்ட் அடித்தால் மண் மூச்சுவிடாது, வேர் குளிர்ச்சியாக இருக்காது. அதனால் சிக்குக்கோலம் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும். அத்தை புள்ளி வைத்துக் கொடுத்தார்கள், மகள் கோட்டை இழுத்தாள். மூன்று சனிக்கிழமை ஆனது ஐந்து தொட்டிக்கும். ஒரு தொட்டியில் கோடு புள்ளியைத் தாண்டி ஓடிவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும், அதான் எங்க பேத்தி கை" என்று அத்தை அதையே வாசலுக்கு நேராக வைத்தார்கள். டிவி இப்போது அலமாரியில் இல்லை, ஆச்சியின் முக்காலியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தொட்டியில் மணி பிளான்ட். பக்கத்து வீட்டில் ஒரு கொடி கேட்டு வாங்கி நட்டது.

பாய் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். மடிக்காதீர்கள், சுருட்டி நிறுத்தி வையுங்கள், மடித்த இடத்தில் கோரை முறியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு தடவை காற்றாட விரித்து எடுங்கள். பனையோலைப் பெட்டிக்கும் அதேதான், ஈரம் பட்டால் கறுப்புப் புள்ளி விழும்.

கார்த்திகைக்கு அகல் விளக்கு வாங்க இந்த ஞாயிறு மறுபடியும் காருகுறிச்சி போகிறோம். இந்தத் தடவை வீட்டுக்காரரும் லீவு, மாமா மகனுடைய லோடு ஆட்டோவைக் கேட்டிருக்கிறோம். சிந்துபூந்துறை, ஜங்ஷன் பக்கம் யாருக்காவது தொட்டியோ அகலோ வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் கமெண்டில் எண்ணிக்கையைப் போடுங்கள். அவர்கள் சொல்கிற விலைதான் உங்களுக்கும்.