ஏன் நிறுத்தினீர்கள் என்று யார் கேட்டது?

ஒரு டாக்டர் இணையத்தில் போட்ட பதிவைப் பற்றித்தான் இது. அதை இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்ட்ரோக்கோடு வருகிறவர்கள் மேல் அவருக்குப் பரிதாபமே வரவில்லையாம். எல்லாம் அலட்சியமாம். கீழே வரிசையாகக் கைதட்டல்.

அலட்சியம் என்ற அந்த ஒரு தீர்ப்புதான் எனக்கு ஆத்திரம். பிரஷர் வலிக்காத நோய். மேல் அளவு 160 என்று ஏறியிருந்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. தலைவலி மாத்திரை போட்டால் வலி போவது தெரியும். பிரஷர் மாத்திரை போட்டால்? நன்றாக இருந்த உடம்பில் புதிதாக ஒரு தொந்தரவுதான் தெரியும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் என்ற வேறு வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். டாக்டரிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத பிரச்சினை வருகிற ஆண்களும் உண்டு. நோய் சுகமாகவும் மருந்து நோயாகவும் தெரிந்தால் மனுஷன் எதை விடுவான்?

என் சித்தப்பாவுக்குச் சாயங்காலமானால் செருப்பு வார் காலில் பதிந்துவிடும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். மாத்திரையால் கிட்னி போய்விட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். அடுத்த முறை போனபோது பிரஷர் ஏறியிருந்தது. "ஒழுங்கா போடுறீங்களா?" "போடுறேன் சார்." இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார்கள். ஏன் பொய் சொன்னார்? நிறுத்திவிட்டேன் என்று உண்மையைச் சொன்ன இன்னொருவருக்கு அதே அறையில் விழுந்த திட்டை அவர் காதால் கேட்டிருந்தார். வீக்கத்தைச் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், வேறு வகைக்கு மாற்றியிருக்கலாம். மாற்று மருந்து இல்லாத நோயா இது?

டாக்டர்களுக்கு நேரமில்லை என்பீர்கள். சரி, கூட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் திட்டுவதற்கு ஆகிற நேரம்தான் "இந்த மாத்திரையில என்ன தொந்தரவு?" என்று கேட்கவும் ஆகும்.

விவரம் தெரியாதவர்கள்தான் நிறுத்துகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இலேயே சொல்லிவிட்டது. மீதிப் பாதிப் பேரும் விவரம் தெரியாதவர்களா?

"அப்போ நிறுத்துறது சரிங்கிறீங்களா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர்தான். பீட்டா பிளாக்கர், குளோனிடின் போன்ற பிரஷர் மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இதையெல்லாம் யாராவது பொறுமையாகச் சொன்னால்தானே தெரியும்? ஏன் என்று கேட்காமலே அலட்சியம் என்று முடிவு கட்டினால் யார் சொல்லப் போகிறார்கள்?

சித்தப்பாவுக்குக் கடைசியில் ஸ்ட்ரோக் வந்தது, இப்போது வலது கை வராது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சித்தியைப் பார்த்து, "கூடவே இருக்கீங்க, இதைக்கூடக் கவனிக்க மாட்டீங்களா?" என்றார்கள். தினமும் தண்ணீரும் மாத்திரையும் கையில் கொடுத்தவர் அவர். வாயைத் திறந்தா பார்ப்பார்? சித்திக்கும் பிரஷர் உண்டு. மாத்திரையில் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் எனக்குத்தான் போன் செய்கிறார். நான் மருத்துவம் படித்தவன் இல்லை, டாக்டரிடம் கேளுங்கள் சித்தி என்றால், "வேண்டாம்பா, திட்டுவாங்க" என்கிறார்.