வீடியோவை நிறுத்திக் கேட்க ஒரு ஆள்

போன வாரம் கடைசி பீரியட் முடிந்து கிளம்பும்போது, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நோட்டோடு வந்து நின்றாள். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான சுயத்தில் ஒரு கணிதப் பாடத்தில் சேர்ந்திருக்கிறாள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை. வீடியோவில் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ‘லெட் எஸ் பீ எ பவுண்டட் செட்.’ இப்படியே ஆறு பக்கம்.

“பவுண்டட்னா என்ன சார்? மூணு தடவ திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்.”

போர்டில் ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை. “எல்லா எண்ணும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நிக்கணும். எதுவும் தாண்டக் கூடாது. அவ்வளவுதாம்மா.” முகம் தெளிந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதற்காக வீடியோ பாடமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் எடுக்கும் என்பிடெல் வீடியோ வகுப்புகளைப் பார்த்துத்தான் நானே பல பாடங்களை ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தவனுக்கு அதெல்லாம் எட்டாத வகுப்பு. 2020இல் சென்னை ஐஐடி ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் படிப்பைத் தொடங்கியபோதும் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதாத பிள்ளைக்கும் அங்கே ஒரு கதவு திறந்தது.

என் கவலை வேறு. ஒரு பருவத்தில் 20 சதவீதப் பாடங்கள் வரை சுயத்தில் படிக்கலாம் என்று 2016இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னது. 2021இல் அதையே 40 சதவீதம் ஆக்கியது. கூடுதலாகப் படிக்கட்டும் என்று வந்த ஒன்று, ஆள் இல்லாத இடத்தை அடைக்கும் பலகையாக மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், முன்பெல்லாம் யாரையாவது போடச் சொல்லிக் கேட்போம். இப்போது முதலில் வருகிற பேச்சே “சுயத்துல எடுத்துக்கட்டுமே” என்பதுதான்.

ஏன் ஆள் இல்லை? பணம்தான். நான் கௌரவ விரிவுரையாளர், நிரந்தர வேலை கிடையாது. மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதம். எங்களைப் போன்றவர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019லேயே சொல்லிவிட்டது. பல்கலைக்கழகங்களின் நிலைமை இன்னும் மோசம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியது. வருமானத்தில் அரசு மானியம் பாதிக்கும் கீழே போய்விட்டது, அதனால் வரிவிலக்கு கிடையாது என்றார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்று பெயர், பாதிப் பணம்கூட அரசிடமிருந்து வரவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முன்பு கரஸ், அதாவது அஞ்சல்வழிப் படிப்பு, இருந்ததே என்பார்கள். என் சித்தப்பா கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டே கரஸில்தான் பி.ஏ. முடித்தார். ஆனால் அவருக்குக்கூட சனி, ஞாயிறு நேர்முக வகுப்பு இருந்தது. சந்தேகம் கேட்க எதிரே ஒரு மனிதர் இருந்தார்.

சரி, மாணவிக்காவது செலவு மிச்சமா? அதுவும் இல்லை. சுயத்தில் சேரக் காசு வேண்டாம், சான்றிதழ்த் தேர்வுக்கு வேண்டும். அப்புறம் மாதாமாதம் ரீசார்ஜ், தேர்வு மையத்துக்குப் போய்வர பஸ் செலவு. புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1,000 ரூபாயில்தான் அவள் இதையெல்லாம் சமாளிக்கிறாள். அரசு ஒரு கையால் கொடுக்கும் பணம், ஆசிரியர் இல்லாத குறையை ஈடுகட்டவே போய்விடுகிறது. கல்லூரியில் ஆசிரியர் இருந்திருந்தால் இந்தப் பாடத்துக்கு அவள் தனியாக ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க வேண்டாம்.

காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். அதற்குப் பிறகு 40 அல்ல, 60 சதவீதம் வீடியோ என்றாலும் சந்தோஷமாக வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன்.

இப்போதைக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குப் பிறகு, அதே பாடத்தில் சேர்ந்த ஒன்பது பேரும் என் லேப்டாப்பைச் சுற்றி உட்காருவார்கள். யார் கையைத் தூக்கினாலும் வீடியோவை நிறுத்த வேண்டும். ஐந்தே காலுக்குக் கடைசி டவுன் பஸ் என்பதால், அதற்குள் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு.