பெயிண்ட்பால் மார்ஷலுக்கு முதலில் சம்பளம் கொடுங்கள்

ஷா ஆலம் பக்கம் போன வாரம் நடந்த பெயிண்ட்பால் போட்டியின், அதாவது சாயக் குண்டால் எதிரணியைச் சுட்டு வெளியேற்றும் ஆட்டத்தின், சண்டை கோலாலம்பூர் குழுக்களின் வாட்ஸ்அப்பில் இன்னும் ஓயவில்லை. மார்ஷல், அதாவது நடுவர், ஆள் பார்த்து முடிவு சொன்னார் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை அங்கே நிறுத்திய விதம்தான் தப்பு.

ஸ்னேக் எனப்படும் நீளமான தாழ்ந்த தடுப்பின் பக்கம் ஊர்ந்து போன எங்கள் குழுப் பையனின் தலைக்கு மேல், பங்கர் (மறைந்துகொள்ளும் தடுப்பு) விளிம்பில் ஒரு குண்டு உடைந்தது. சாயம் அவன் தோளில் தெறித்தது. மைதானத்தின் மறுகோடியில் நின்ற மார்ஷல் அங்கிருந்தே கையைக் காட்டி அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

குண்டு ஆள்மேலோ அவர் கையில் உள்ள கருவிமேலோ பட்டு உடைந்து கறை விட்டால்தான் அவுட். உடையாமல் எகிறினால் அவுட் இல்லை, தெறித்த சாயமும் கணக்கில் வராது. நேராகப் பட்ட கறை திட்டாக இருக்கும், குண்டின் ஓட்டுத் துணுக்குகூட ஒட்டியிருக்கும். தெறித்தது பொடிப்பொடிப் புள்ளி. கிட்டே போய்ப் பார்க்காமல் இதை எப்படிச் சொல்வது? விநாடிக்கு 300 அடி வரை வேகத்தில் வரும் 17 மில்லிமீட்டர் குண்டு அது.

நம் ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். குண்டின் ஓடு ஜெலட்டின். ஈரக்காற்றில் இளகிப்போய், பட்டாலும் உடையாது. சுட்டவர் "அடிச்சிட்டேன்" என்று கத்துவார், எதிரில் கறையே இருக்காது. உள்ளே இருக்கும் சாயமோ தண்ணீரில் கரைவது. சாயங்கால மழை பிடித்தால் உண்மையான கறையும் ஓடிவிடும். அதனால் மார்ஷல் நாலு எட்டு வைத்தால் போய்ச் சேரும் தூரத்திலேயே நிற்க வேண்டும், உடனே பார்க்க வேண்டும்.

பட்டது தெரிந்தும் ஒருவர் தொடர்ந்து ஆடினால் அவரோடு இன்னொருவரையும் வெளியேற்றுவார்கள். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் போனால் அந்தப் பாயிண்ட், அதாவது அந்தச் சுற்று, முடிந்த மாதிரிதான். மாஸ்க் கண்ணாடியில் பட்டால் தெரியாமல் இருக்காது, குண்டுக் குப்பிகளை வைத்து முதுகில் கட்டிய பாட் பையில் பட்டால் தெரியாமலே போகலாம். 'அவருக்குத் தெரிந்திருக்குமா' என்பதையும் அந்த ஒரு மார்ஷல்தான் தீர்மானிக்க வேண்டும்!

புக்கிட் ஜாலில் உள்ளரங்கில் பேட்மிண்டன் வீரர் தீர்ப்பை எதிர்த்து சேலஞ்ச் கேட்டால் இறகுப்பந்து கோட்டில் விழுந்ததா என்று திரையில் காட்டுகிறார்கள், தப்பு என்றால் திருத்துகிறார்கள். பெயிண்ட்பாலில் திருத்த நேரமே கிடையாது. நம் ஆள் மைதானத்தை விட்டு நடக்கும்போதே எதிரணி காலியான பக்கமாக ஓடிவந்து மீதிப் பேரை முடித்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வேலையை இங்கே யாரிடம் கொடுக்கிறோம்? காலையில் தோற்ற குழுவின் ஆளிடம், இல்லை அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவரிடம். சம்பளம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். தன் பிரிவிலேயே ஆடும் குழுவுக்குத் தீர்ப்புச் சொல்பவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். அது அவருக்கும் அநியாயம்.

நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றட்டும், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். பயிற்சி பெற்ற, அந்தப் போட்டியில் ஆடாத மார்ஷல்கள் வேண்டும். வெளியே அனுப்பும்போது கறையைத் தொட்டுக் காட்டி "இங்கே உடைந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அடுத்த போட்டிக்குப் பணம் கட்டும் முன், மார்ஷல்கள் யார், எத்தனை பேர் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள்.