இருபது லட்சத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா?

சனிக்கிழமை எங்கள் கல்லூரித் தோழர்கள் கூடிய இடத்தில் நடந்தது இதற்குள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். "எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவுக்கு இருபது லட்சமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கடைசிவரை மேனேஜராகவே இருக்க வேண்டியதுதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னவரும் நண்பர்தான், அதற்குக் கைதட்டியவர்களும் நண்பர்கள்தான். அன்று எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ என்பது சில ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கான மேலாண்மைப் படிப்பு. அதைப் பற்றி நான் கேட்டது ஒரே கேள்வி: போடுகிற பணம் எத்தனை ஆண்டில் திரும்பி வரும்?

இருபது லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 34,000 ரூபாயைத் தாண்டுகிறது. கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது 28 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். வட்டிக்கு வரிவிலக்கு உண்டே என்பார்கள். எட்டு ஆண்டு வரை உண்டு. ஆனால் அசலுக்குக் கிடையாது, புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கும் கிடையாது. அந்தத் தவணையைச் சம்பள உயர்விலிருந்தே கட்ட வேண்டுமானால், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மாதச் சம்பளம் ஏறத்தாழ 50,000 ரூபாய் கூட வேண்டும். ஆண்டுதோறும் வரும் வழக்கமான உயர்வை இதில் சேர்க்கக் கூடாது, அது படிக்காமலும் வந்திருக்கும்.

எல்லாப் படிப்பும் ஒன்றல்ல என்பதையும் அன்று யாரும் சொல்லவிடவில்லை. வேலையை விட்டுவிட்டு வளாகத்தில் தங்கிப் படிக்கும் ஓராண்டுப் படிப்பில் கட்டணத்தோடு ஓராண்டுச் சம்பளமும் போகிறது. ஆனால் முடிக்கும்போது வளாக நேர்காணல் இருக்கிறது. வார இறுதி வகுப்பில் சம்பளம் நிற்பதில்லை, பெரும்பாலும் வேலைவாய்ப்பு ஏற்பாடும் இருப்பதில்லை. மூன்றாவதாக, சில மாதங்களில் சான்றிதழ் தரும் படிப்புகள். பெரிய கல்வி நிறுவனத்தின் பெயர் இருக்கும், பட்டம் இருக்காது, கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் இருக்கும். இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களே, பட்டம் தரும் அதிகாரத்தை அவற்றுக்குக் கொடுத்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை பட்டயம்தான் தந்துவந்தன என்பதால், அந்தப் பட்டயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கையில் கிடைக்கப்போவது பட்டமா, பட்டயமா, சான்றிதழா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் தம்பி சிறுசேரியில் வேலை பார்க்கிறான். அவன் சேர நினைத்தபோது சேர்க்கைப் பிரிவிலிருந்து தினமும் அழைப்பு வந்தது. இன்று மாலைக்குள் முதல் தவணை கட்டினால் சலுகை என்றார்கள். கட்டண அட்டவணையின் அடியில், கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அம்மா தன் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் கண்ணு, படிச்சு முடிச்சா மாசம் எவ்வளவு கூட வரும்?" அதற்கு அவனிடமும் பதில் இல்லை, அழைத்தவர்களிடமும் இல்லை. இரண்டு ஆண்டு சனி ஞாயிறுகளை வகுப்புக்குக் கொடுத்து, குழந்தை தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் கேஸ் ஸ்டடிகளைப் பரப்பிவைத்துப் படித்து முடித்தான். இன்று ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை என்னைவிட நன்றாகப் படிப்பான்; அந்தப் படிப்பு அவனுக்கு உண்மையாகவே அறிவைத் தந்தது. ஆனால் அலுவலகத்தில், இப்போதைக்கு இதற்கேற்ற இடம் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன.

கல்வியைப் பணத்தால் அளக்கலாமா என்று கேட்பீர்கள். அளக்க ஆரம்பித்தது நானா? சம்பளம் இத்தனை மடங்கு உயரும் என்று விளம்பரம் செய்துவிட்டு, வாங்க வந்தவர் அதே கணக்கைக் கேட்டால் கல்வியின் புனிதம் பேசுவது என்ன நியாயம்? அறிவுக்காக மட்டும் படிக்கிறேன் என்பவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அறிவுக்காகப் படிப்பவர் ஏன் அம்மாவின் வளையலை வைக்க வேண்டும்?

உடன் படிப்பவர்களின் தொடர்பு வாழ்நாளுக்கும் உதவும் என்பீர்கள். உதவட்டும், தவணைத் தேதியில் அது உதவியதை நான் பார்த்ததில்லை.

நிறுவனம் கட்டுகிறது என்றால் பேச்சே வேறு. சனிக்கிழமை பேசியவருக்கும் அவருடைய நிறுவனம்தான் முழுக் கட்டணத்தையும் கட்டியது. அது எனக்குத் தெரியும், அவர் தன் வாயால் சொன்னதுதான். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அடுத்தவர் பணத்தில் படித்தவர், சொந்தக் கடனில் படிக்க நினைப்பவரைப் பார்த்து, கணக்குப் பார்க்காதே என்று சொல்வதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கடைசிவரை மேனேஜர் என்றாரே, அந்த மேனேஜர் சம்பளத்தில்தான் அப்பாவின் மருத்துவச் செலவும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நடந்தன. என் வீட்டில் யாருக்கும் அந்தப் பதவி சிறியதாகத் தெரிந்ததில்லை.

அலுவலகத்தில் என் குழுவில் இருவர் இந்த ஆண்டு சேர யோசிக்கிறார்கள். ஒருவருக்கு நிறுவனம் பாதிக் கட்டணம் தருகிறது, மூன்று ஆண்டு விலகக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. அவருக்கு இங்கேயே தொடரும் எண்ணம் இருப்பதால் சேரச் சொல்லிவிட்டேன். இன்னொருவருக்கு வீட்டுக் கடன் ஓடுகிறது, இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. அவர் படித்துவிட்டு எந்தப் பதவிக்குப் போக நினைக்கிறாரோ, அந்தப் பதவியில் இன்று இருக்கும் நான்கு பேரிடம் அவர்கள் எப்படி அங்கு வந்தார்கள் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை விண்ணப்பக் கட்டணம்கூடக் கட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.