காண்டாமிருக வண்டு ஹவாயிலிருந்து வந்ததா?

பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'ஹவாய்த் தென்னைகளை அழித்த காண்டாமிருக வண்டு இப்போது கொங்கு நாட்டுக்குள் நுழைந்துவிட்டது.'

தவறு. கதையே தலைகீழ். தலையில் கொம்புள்ள இந்தக் கருவண்டு தெற்காசியா, தென்கிழக்காசியாவின் பூர்வீக வண்டு. 1909-இல் பசிபிக் தீவான சமோவாவுக்குப் போனதுகூட இலங்கையிலிருந்து அனுப்பிய ரப்பர் நாற்றுகளோடுதான். இன்னொரு பசிபிக் தீவான குவாமில் 2007-இலும் ஹவாயில் 2013-இலும் தென்பட்டது. அங்கேதான் அது அந்நியப் பூச்சி. நம் தாத்தா காலத்துத் தோப்பிலும் இருந்ததை 'புதுசு' என்றால் எப்படி?

அதற்காக அது சாது என்று அர்த்தமில்லை. விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். பிறகு அந்த ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டுகள் தெரியும். குருத்தடியில் மென்று துப்பிய நார் கிடக்கும். புழு வளர்வதோ எருக்குழியில். குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கலாம்; புழுக்களைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையும் இடலாம். ஆமணக்குப் புண்ணாக்கை நீரில் ஊறவைத்துப் பானையில் வைத்தால் வண்டு தேடி வந்து விழும்.

வெளிநாட்டிலிருந்து நிஜமாகவே வந்தது வேறொன்று: 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறிந்த ஓலையின் சாற்றை உறிஞ்சும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. அது வண்டே அல்ல.