இரண்டாவது பேஸில் இலவசமாக நிற்கும் ஆள்

பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் என் ஸ்கோர் அட்டையில் பென்சிலை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக பேஸ்பால் பார்த்து வருகிறேன். மைதானத்துக்குப் போகும்போதெல்லாம் அட்டையும் பென்சிலும் கையில் இருக்கும். ஒரு பேட்டர் முதல் பேஸை எப்படி அடைந்தார், அங்கிருந்து எப்படி நகர்ந்தார், ஹோம் பிளேட்டை எப்படித் தொட்டு ரன் எடுத்தார் என்பதை அவருக்குரிய சிறு கட்டத்துக்குள் கோடு கோடாகக் குறித்து வைப்பேன். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்: அடித்தார், நான்கு தவறான பந்துகளுக்காக வாக் வாங்கினார், பந்து உடம்பில் பட்டது, ஃபீல்டர் கோட்டைவிட்டார். பத்தாவது இன்னிங்ஸில் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து கையுறையை மாட்டிக்கொண்டே நடந்து வந்து இரண்டாவது பேஸில் ஏறி நிற்கிறாரே, அவருக்கு மட்டும் எந்தக் காரணமும் கிடையாது.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமநிலை என்றால், அதன்பின் ஒவ்வொரு அரை இன்னிங்ஸிலும் பேட்டிங் அணிக்கு இரண்டாவது பேஸில் ஒரு ரன்னரைச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள். பேட்டிங் வரிசையில் அந்த இன்னிங்ஸின் முதல் பேட்டருக்கு முன்னால் இருப்பவர்தான் அந்த ரன்னர். அதாவது, பெரும்பாலும் முந்தைய இன்னிங்ஸில் கடைசியாக அவுட் ஆனவர். மூன்றாவது அவுட்டைக் கொடுத்துத் தன் அணியின் வாய்ப்பை முடித்து வைத்த மனிதருக்கு, சில நிமிடங்களில் ஒரே அடியில் இரண்டாவது பேஸை எட்டும் டபுள் அடித்த மரியாதை கிடைக்கிறது! நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

சென்ற கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மைதானத்தில் இதை நேரில் பார்த்து வயிறு எரிந்து திரும்பினேன். இரு அணிகளின் பிட்சர்களும் ஒன்பது இன்னிங்ஸ் உயிரைக் கொடுத்து வீசி ஒன்றுக்கு ஒன்று என்று நிறுத்தியிருந்தார்கள். பத்தாவதில் வெளியூர் அணி ரன் எடுக்கவில்லை. உள்ளூர் அணியின் முதல் பேட்டர் பந்தை மெதுவாகத் தட்டி பண்ட் செய்து அவுட் ஆனார். இலவச ரன்னர் மூன்றாவது பேஸுக்குப் போனார். அடுத்தவர் சென்டர் ஃபீல்டுக்கு ஒரு கேட்ச் கொடுத்தார். பந்து பிடிபட்டதும் ரன்னர் ஓடி வந்து பிளேட்டைத் தொட்டார். ஆட்டம் முடிந்தது. ஒரு ஹிட் இல்லை, ஒரு வாக் இல்லை. தன்னைச் சந்தித்த இரண்டு பேரையும் அவுட் ஆக்கிய பிட்சர் தோற்றவராகத் தலையைத் தொங்கப்போட்டு நடந்தார். உள்ளூர் அணிக்காகக் கத்தித் தொண்டை கட்டியிருந்த எனக்கு அந்த வெற்றியில் துளியும் மகிழ்ச்சி இல்லை.

இதில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் பொய். அந்த ரன்னர் ஃபீல்டிங் பிழையால் இரண்டாவது பேஸை அடைந்ததாகக் கருதிக்கொள்ள வேண்டுமாம். ஆனால் அந்தப் பிழையை யார் பெயரிலும் எழுதக் கூடாதாம். நடக்காத பிழையை நடந்ததாக வைத்துக்கொண்டு கணக்கை நேர் செய்கிற நிலைமை, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டங்களைக்கூடப் பதிந்து போற்றுகிற ஒரு விளையாட்டுக்கு ஏன் வர வேண்டும்?

2020-இல் கொரோனா காலத்தில், சீசனே 60 ஆட்டங்களாகச் சுருங்கியபோது, வீரர்களின் உடல்நலத்துக்காக என்று சொல்லி இதைக் கொண்டு வந்தார்கள். அன்று நானும் பொறுத்துக்கொண்டேன். அதே ஆண்டு கொண்டு வந்த ஏழு இன்னிங்ஸ் டபுள்ஹெட்டரை (ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள்) 2022-இல் கைவிட்டார்கள். இதை மட்டும் 2023-இல் நிரந்தரமாக்கினார்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக என்றால், அதே 2023-இல்தான் பிட்சர் பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்து, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரத்தை 3 மணி 4 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 2 மணி 40 நிமிடத்துக்குக் குறைத்துவிட்டதே! அதற்குப் பிறகும் இந்த ரன்னரை வைத்திருப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை. பிட்சர்களின் கை தாங்காது என்கிற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நன்றாக வீசிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டரை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரை, ஐந்தாவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்து, ஒன்பதாவதுக்குள் மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னைக் காலி செய்வது அணி நிர்வாகங்களே தேடிக்கொண்ட வினை.

நீண்ட ஆட்டங்களை இவர்கள் ஒரு நோயாகப் பார்க்கிறார்கள். எனக்கோ அவைதான் இந்த விளையாட்டின் சொத்து. 1981-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பாட்டக்கெட்டில் நடந்த மைனர் லீக் (கீழ்நிலை லீக்) ஆட்டத்தில் குளிர் தாங்காமல் உடைந்த பேட்டுகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் 32 இன்னிங்ஸோடு நிறுத்தியபோது 19 ரசிகர்கள் மீதமிருந்தார்கள். ஜூன் மாதம் மீண்டும் கூடி 33-ஆவது இன்னிங்ஸில் முடித்தார்கள். பின்னாளில் பேஸ்பாலின் உயரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் அதில் எதிரெதிரே ஆடியவர்கள். 2012-இல் பாஸ்டனில் பால்டிமோர் அணியின் கிறிஸ் டேவிஸ் எட்டு முறை பேட் செய்து ஒரு ஹிட்கூட எடுக்காமல், பிட்சர்கள் தீர்ந்துபோனதால் தானே பந்து வீசப் போய் 17 இன்னிங்ஸ் ஆட்டத்தை வென்று கொடுத்தார். இலவச ரன்னர் வந்தபின் இப்படிப்பட்ட இரவுகளுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

இது அவ்வளவு நல்ல விதியென்றால் சாம்பியனைத் தீர்மானிக்கும் அக்டோபர் பிளேஆஃபில் ஏன் இல்லை? 2025-இன் இறுதித் தொடரான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸும் புளூ ஜேஸும் 18 இன்னிங்ஸ் மல்லுக்கட்டினார்கள். அதிகம் அறியப்படாத வில் கிளைன் கடைசி நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார்; ஃபிரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தார். அந்த இரவில் செயற்கையாக ஒரு ரன்னரை நிறுத்தியிருந்தால் நாடே கொதித்திருக்கும் என்பது லீகுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அக்டோபருக்குள் நுழைவதையே ஏப்ரல், ஜூன் மாத வெற்றிகள்தான் முடிவு செய்கின்றன. சீசன் முடிவில் இரு அணிகள் சமமாக நின்றால் அதைத் தீர்க்கும் கூடுதல் 163-ஆவது ஆட்டத்தையும் 2022-இலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்படியானால் ஒரு பண்ட்டிலும் ஒரு கேட்ச்சிலும் பறிபோன ஜூன் மாத ஆட்டம் ஓர் அணியின் முழு ஆண்டு உழைப்பையும் கவிழ்த்துவிடலாம்.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பவுண்டரி எண்ணிக்கையால் தீர்த்த கிரிக்கெட், மூன்றே மாதத்தில் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. பேஸ்பால் லீகுக்கு அந்த மனம் ஏன் வரவில்லை? அடியோடு எடுக்க முடியாதென்றால், பன்னிரண்டாவது இன்னிங்ஸ் முடியும் வரையாவது இரண்டு அணிகளையும் தங்கள் கையால் ஆட விடுங்கள். அந்த வெள்ளிக்கிழமை அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பத்தாவது இன்னிங்ஸில் முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸ் வரை நான் கோடு போடவில்லை.